சஹன் நிறைஞ்சாக் கணக்குச் சரி

எருமை மாட்டுக்கு ஸலாம் சொன்ன மனிசன் எண்டு இந்தக் கரையில ஆராச்சும் இருந்தா, அது நான்தான்.

சும்மா வாய்க்குள்ள முணுமுணுத்த ஸலாமும் இல்ல. மரத்துக்கு மேல இருந்து, கொப்ப ஒரு கையால இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, நல்ல சத்தமா, மரியாதையாச் சொன்னன். "பெரியவரே, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஒரு கரச்சலுக்கும் வரல்ல. நிந்தவூர் ஆள். கல்முனையில கலியாணம் முடிச்சிருக்கன்." விலாசத்தையும் சேர்த்துச் சொன்னா மனசு இரங்கும் எண்டு ஒரு நினைப்பு.

எருமை வாயில கெடந்த புல்ல மெண்டுக்கிட்டு நிண்டிச்சு.

நெல்லு விளையிற ஊரில பொறந்து, எருமைப் பால் தயிர் திண்டு வளந்த ஒருத்தன், எருமைய ஆனை எண்டு நினைச்சு மரத்துல ஏறினது எப்பிடி எண்டு நீங்க கேப்பீங்க. அத நேராச் சொல்ல ஏலா. சங்கத்தில இருந்து தொடங்கணும். சங்கத்தச் சொல்லணும் எண்டா மாமிட இருமலச் சொல்லணும்.

கதிரையில இருக்கிற மருமகன்

சூறாவளி அடிச்சு, தென்னையெல்லாம் தலையில்லாம நிண்ட காலம் கழிஞ்சு, ஒரு ரெண்டு மூணு போகம் வெட்டியிருப்பாங்க. அந்த நேரத்திலதான் எனக்குக் கலியாணம் நடந்திச்சு.

எங்கட கரையில ஆம்புள கலியாணம் முடிச்சாப் பொஞ்சாதிட ஊட்டிலதான் போய் இருக்கணும். ஹபீபாட ஊடு கல்முனை. நிந்தவூர்ல இருந்து பஸ்ஸில ஏறி, ஒரு வாய்ப் பொயிலை சப்பி முடிக்கிறதுக்குள்ள எறங்கிடலாம். ஆனா அந்த வேலிக் கடப்பத் தாண்டி உள்ள போன நாள்ல இருந்து நான் வெளிநாட்டுத் தூதுவர் போல ஆகிட்டன்.

மாமி எனக்கிட்ட நேராக் கதைக்க மாட்டா. அது அவட மரியாத. கதவுக்குப் பின்னால நிண்டு, "மருமகனுக்குச் சோத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் வேணுமா எண்டு கேளு புள்ள" எண்டுவா.

ஹபீபா எனக்குப் பக்கத்தில நிண்டுக்கிட்டு, "இன்னும் ஆணம் வேணுமா எண்டு உம்மா கேக்கிறா" எண்டுவா.

"போதும் எண்டு சொல்லு" எண்டுவன் நான்.

"போதுமாம் உம்மா."

எங்க மூணு பேருக்கும் நடுவுல ஒரு கதவுச் சேலதான் தொங்கும்.

கிணத்தடிக்குப் போனா வாளியப் பறிச்சிடுவாங்க. தேங்காய் உரிக்க அலவாங்கத் தொட்டா உள்ளுக்கு இருந்து மாமி இருமுவா. "மருமகன் வேல செய்யிறாரு, கண்ட சனம் என்ன சொல்லும்" எண்டு அந்த இருமலுக்கு அர்த்தம். கந்தோர்ல வேல முடிஞ்சு வந்தா எனக்குக் குந்த ஒரு கதிரை, குடிக்க ஒரு பிளேன்டீ. குடிச்சு முடிச்சா மறுகா கதிரை. கோழிக்குக் கூட அந்த ஊட்டில என்னைய உட வேல கூட.

இப்பிடியே இருந்தா வயிறு முன்னுக்கும் மனிசன் பின்னுக்கும் போயிரும் எண்டு பயந்துதான் நடக்கணும் எண்டு முடிவு செஞ்சன்.

தனிய நடக்கிறதுட கரச்சல்

ஒரு நாள் பின்னேரத் தொழுகை, அசருக்குப் பிறகு, ஒத்தருக்கும் சொல்லாம, மெயின் ரோட்டால நடக்கத் தொடங்கினன்.

முதலாவது கடையடியிலயே ஒரு மூத்த ஆள் மறிச்சாரு.

"எங்க தம்பி போற?"

"சும்மா நடக்கிறன்."

"சும்மா எண்டா?"

"சும்மாதான் காக்கா."

"சைக்கிள் இல்லயா?"

"இரிக்கி."

"காத்துப் போயிட்டா?"

"காத்தெல்லாம் இரிக்கி."

அவர் என்ட கிட்ட வந்து குரலக் கொறச்சாரு. "பொஞ்சாதியோட கரச்சலா மனே?"

அங்கால ஒருத்தர் சைக்கிள நிப்பாட்டி, "ஏறுங்க, கொண்டு போய் உடுறன்" எண்டாரு. எங்க எண்டு அவரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. வேணாம் எண்டதுக்குக் கோவிச்சிட்டுப் போனாரு. கடற்கரைக்குப் போய்ச் சேந்தா, வல வளைச்சுக்கிட்டிருந்த ஆக்கள், ஒரு ஆள் தனியக் கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறான் எண்டு வலைய உட்டுட்டு என்னையப் பாக்கத் தொடங்கிட்டாங்க.

நான் திரும்பி ஊட்டுக்கு வாறதுக்குள்ள மூணு சைக்கிள்ல செய்தி வந்து சேந்திருந்திச்சு. ஹபீபாவோட கூடப் பொறந்த மூத்தவன், றசீது மச்சான், என்னையத் தேடி வெளிக்கிட்டுக் கடப்படியில நிக்கிறாரு. கையில டோர்ச் லைற். வெளிச்சம் இன்னும் போகவே இல்ல.

"நடக்கணும் எண்டா அதுக்கு ஒரு முறை இரிக்கி மச்சான்" எண்டாரு. "சங்கம் இரிக்கி."

நடக்காத சங்கம்

வனநடைச் சங்கம். தலைவர் ரோட்டு வேலை மேற்பாத்து ஓய்வுபெற்ற ஒரு ஓவசியர். செக்கிரட்டரி எங்கட றசீது மச்சான், சட்டப் பையில ரெண்டு பேனை, கழுத்தில ஒரு விசில். எனக்கிட்டக் கேக்காமலே என்ட பேரப் போட்டுட்டாரு. நான் சேந்த பிறகு பன்னெண்டு பேர்.

மாசத்தில ஒரு நாள் விடியச் சுபஹ் தொழுதுட்டு, உழவு மெசினுக்குப் பின்னால இழுபடுற பெட்டியில எல்லாரும் ஏறுவம். சோறாக்குற கிடாரம், அரிசி, இறைச்சி, விறகு, தலைவர்ர கதிரை எல்லாம் ஏறும். காட்டுக்கு விறகு கொண்டு போற சங்கத்த நான் அங்கதான் கண்டன்.

மெசின் வயலுக்குள்ளால மேக்கே போய், ஒரு குளத்துக்கட்டில, மருத மரத்துக்குக் கீழ நிக்கும். எல்லாரும் எறங்குவம். மரத்தடியில இருந்து தண்ணிக்குப் போய், தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ எடுத்துட்டு வருவம். அதுதான் நடை.

மிச்ச நேரமெல்லாம் சமையல். சோறு வேகிறதுக்குள்ள தலைவர் கதிரையில இருந்துக்கிட்டு நடையின் நன்மைகள் எண்டு பேசுவாரு. நடந்தாக் கால் உறுதியாகும், இரத்தம் சுத்தமாகும் எண்டுவாரு. பேசி முடிச்சதும் அவரக் கதிரையோட தூக்கி நிழலுக்கு மாத்துவம். அசருக்கு மெசின் திரும்பும். அடுத்த கூட்டத்தில றசீது மச்சான் ஒழும்பி நிண்டு வாசிப்பாரு: "அங்கத்தவர் அனைவரும் வனத்தினூடாக வெற்றிகரமாக நடந்து திரும்பினர்."

ஒரு விசயத்தில மட்டும் சங்கம் சரியான கவனம். காட்டுல ஆள் துலையக்கூடா. அதுக்கு றசீது மச்சான் கண்டுபுடிச்ச வழிதான் சஹன் கணக்கு.

எங்கட விருந்தில ஒரு பெரிய தட்டுல சோத்தக் குவிச்சு, ஆறு பேர் சுத்தி இருந்து திண்ணுவம். அதுதான் சஹன். பன்னெண்டு பேருக்கு ரெண்டு சஹன். ரெண்டையும் சுத்தி ஆள் நிறைஞ்சாக் கணக்குச் சரி.

"பேர் கூப்பிடுறது பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு" எண்டுவாரு. "எங்கட ஆள் எந்தக் காட்டுக்குள்ள போனாலும் சோத்துக்கு வந்திருவான்."

அந்த வார்த்தையில ஒரு பிழையும் எனக்கு அப்பத் தெரியல்ல.

ஹபீபாட லேஞ்சி

ஹபீபா மூணு மாசம் பாத்துக்கிட்டிருந்தா. நாலாவது மாசம், வாசல்ல கெடந்த என்ட செருப்பத் தூக்கித் திருப்பிப் பாத்தா.

"மூணு தரம் காட்டுக்குப் போன செருப்பு. ஒரு முள்ளுக் கூட ஏறல்ல" எண்டா.

"சங்கத்தோட போனா அப்பிடித்தான். தனியப் போனாத்தான் நடை."

"அப்ப தனியப் போங்களேன்."

எனக்கு வீரம் வந்திட்டு. அந்தக் குளத்துக்கு அங்கால ஒரு கல்லு மலை இருக்கு. சங்கம் மூணு தரமும் அதப் பாத்துக்கிட்டுத்தான் இறைச்சி திண்டிச்சு.

"மொகம் தொடைக்கிற உன்ட லேஞ்சி ஒண்டு தா. இந்தத் தரம் அந்த மலைட உச்சியில அதக் கட்டிட்டுத்தான் வருவன்" எண்டன்.

அவ உடுப்புப் பொட்டகத்தத் திறந்து, மூலையில நீலப் பூத் தைச்ச லேஞ்சி ஒண்ட எடுத்துத் தந்தா. கலியாணத்துக்கு முன்னம் அவட கையாலயே தைச்சது.

"கட்டாம வந்தீங்க எண்டா இந்த ஊட்டில மறுகா மலைக் கதை கதைக்கப்படா" எண்டா. சிரிக்கல்ல.

கதிரையும் பிளேன்டீயும் தவிர எனக்கு அந்த ஊட்டில ஒரு பெறுமதி இருக்கு எண்டு காட்டக் கிடைச்ச முதல் சந்தர்ப்பம் அது. லேஞ்சிய நாலா மடிச்சுச் சட்டப் பையில வெச்சன்.

பெரியவர்

அந்த மாசமும் குளத்தடியில, தலைவர்ர பேச்சு இரத்தச் சுத்தத்துக்கு வந்த நேரத்தில நான் மெல்ல நழுவிட்டன்.

குளத்துக்கட்டு முடிஞ்சு, இலுக்குப் புல்லுக்குள்ளால ஒரு ஒத்தையடிப் பாதை போகுது. சருகு காலுக்குக் கீழ அப்பளம் போல நொறுங்குது. குளத்துச் சேத்து மணம். தூரத்தில மயில் ஒண்டு கத்துது. கொஞ்ச தூரம் போனதும் என்னமோ ஒண்டு கொறையுற மாதிரி இருந்திச்சு. நிண்டு யோசிச்சன். எங்க போற எண்டு கேக்க அங்க ஒத்தரும் இல்ல. அந்தச் சந்தோசத்தில நானே என்னையக் கேட்டன், "எங்க போற தம்பி?" நானே சொன்னன், "சும்மா."

மலை கிட்டத்தான் தெரிஞ்சிச்சு. நடக்க நடக்க அது பின்னுக்குப் போகுது. செருப்பு வார் அறுந்திச்சு. தாகம்.

அப்பதான் புல்லுக்குள்ள கறுப்பா, ஈரமா, ஒரு பெரிய முதுகு மெல்ல அசைஞ்சிச்சு.

காட்டுல ஆனைட பேரச் சொல்லப்படா எண்டு விறகுக்குப் போற ஆக்கள் சொல்லுவாங்க. சொன்னா அது வந்து நிக்குமாம். பெரியவர் எண்டுதான் சொல்லணும், மரியாதையாக் கதைச்சா வழி உட்டுட்டுப் போகுமாம். எனக்கு மரியாத நல்லா வரும். ஆனா அதுக்கு முன்னம் கால் மரத்துல ஏறிட்டு.

மரம் நிறைய முசுறு எறும்பு. மொகம், கழுத்து, காது எல்லாம் கடிச்சிச்சு. ஒரு கையால கொப்பப் புடிச்சு, மறு கையால மொகத்தத் தேச்சு, பெரியவருக்கு ஸலாமும் சொன்னன். அப்பத்தான் பெரியவர் தலையத் தூக்கினாரு. ரெண்டு கொம்பும் பின்னால வளைஞ்சு கெடக்கு. ஆனைக்கு இப்பிடியா கொம்பு எண்டு எனக்கு ஒரு சந்தேகம்.

எருமை எண்டு தெரிஞ்ச பிறகும் கன நேரம் எறங்கல்ல. பெரியவர் எண்டு கூப்பிட்ட மாட்டுக்கு முன்னால எப்பிடி எறங்குற?

வெயில் சாய்ஞ்சிட்டு. மலை அங்கதான் நிக்குது. லேஞ்சியால மொகத்தத் தொடச்சுட்டுத் திரும்பி நடந்தன். உள்ளுக்கு ஒரு ஆறுதல். இந்நேரம் சஹன்ல ஒரு கை கொறைஞ்சிருக்கும். றசீது மச்சான் விசில் ஊதி ஊதித் தொண்ட வத்தியிருப்பாரு. தலைவர் கதிரைய உட்டு ஒழும்பியிருப்பாரு. நான் போய் நிண்டா, "எங்கடாப்பா போன நீ" எண்டு கட்டிப் புடிப்பாங்க. கொஞ்சம் ஏசட்டும் எண்டு நடையக் கூடக் கொறைச்சன்.

மருத மரத்தடிக்கு வந்தா, மூணு அடுப்புக் கல்லு. சூடு ஆறாத சாம்பல். எலும்பு கொத்துற காகம். மெசின் டயர்ர தடம்.

ஒரு ஆளும் இல்ல.

"மச்சாஆஆன்" எண்டு கத்தினன். காகம் மட்டும் திரும்பிப் பாத்திச்சு.

அப்பத்தான் எனக்கு மெய்யாவே பயம் வந்திச்சு. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு அந்தக் குளத்துக்குத் தண்ணி குடிக்க வாற பெரியவருக்குக் கொம்பு பின்னால வளைஞ்சிருக்காது.

எந்தப் பக்கம் போற எண்டு தெரியாம நிக்கிறன், கட்டுக்கு மேலால எருமைகள் வரிசையாப் போகுது. முன்னுக்குப் போறது நம்மட பெரியவர். அதுகளுக்கு மட்டும்தான் அங்க ஊட்டுக்குப் போற வழி தெரியும். மரியாதையா ஒரு தூரம் உட்டு, அதுகள்ற பின்னால நடந்தன். தனி நடை நடக்க வந்தவன், கடைசியில எருமச் சங்கத்தில சேந்துதான் காடு கடந்தன்.

மாட்டுப் பட்டியில ஒரு ஆள் இருந்தாரு. சுடச்சுடப் பால் தந்தாரு. குடிச்ச வாய் சும்மா இருக்கல்ல. லேஞ்சி, முசுறு, ஸலாம் எல்லாத்தையும் சொல்லிட்டன். அவர் சிரிச்ச சிரிப்பில பட்டியில நிண்ட கண்டுக்குட்டியெல்லாம் மிரண்டிச்சு. மறுகா சைக்கிள் பார்ல வெச்சு என்னைய ரோட்டுக்குக் கொண்டு வந்து பஸ் ஏத்தி உட்டாரு.

கோவிச்சிட்டுப் போன மருமகன்

ஊட்டு வாசல்ல பெற்றோமக்ஸ் எரியுது. வேலி நெடுகச் சைக்கிள். சாவு நடந்த மௌத்து ஊடு போல சனம். எனக்காகத்தான் எண்டு நெஞ்சு நிறைஞ்சு உள்ள போனன். அங்க நிந்தவூர்ல இருக்க வேண்டிய என்ட உம்மா குந்திக்கிட்டு இருக்கா.

என்ன நடந்த எண்டா, றசீது மச்சான் நான் இல்லாம வந்ததும் மாமி கேட்டிருக்கா, மருமகன் எங்க எண்டு. "எண்ணித்தான் ஏத்தினன், எண்ணித்தான் எறக்கினன்" எண்டு செக்கிரட்டரி சத்தியம் பண்ணியிருக்காரு. கணக்குச் சரி. அப்ப மருமகன் காட்டுல இல்ல, ஊரிலதான். ஊருக்கு வந்தவர் ஊட்டுக்கு வரல்ல எண்டா, அவர்ர உம்மாட ஊட்டுக்குப் போயிட்டாரு. எங்கட கரையில மாப்பிள்ள சொல்லாமப் பறையாம உம்மாட ஊட்டுக்குப் போனா, கோவிச்சிட்டுப் போயிட்டான் எண்டுதான் அர்த்தம்.

உடன ஒரு சீப்புக் கதலிப் பழமும் இனிப்புத் தொதலும் கொண்டு றசீது மச்சான் நிந்தவூருக்குப் போயிருக்காரு, என்னைய மரியாதையாக் கூட்டிக்கிட்டு வர. "என்ட மகன என்ன செஞ்ச நீங்க?" எண்டு உம்மா அவரோடயே வந்து எறங்கிட்டா.

ஆனை அடிச்சிருக்குமோ எண்டு அங்க ஒத்தரும் நினைக்கல்ல. போன வெள்ளிக்கிழமை பாரை மீன்ல எனக்கு வால் துண்டு வெச்சதுதான் காரணம் எண்டு எல்லாரும் சேந்து கண்டுபுடிச்சு வெச்சிருந்தாங்க.

அந்த நேரம் பாத்து நான் வந்து நிக்கிறன். முசுறு கடிச்சுக் கண்ணும் கன்னமும் வீங்கி.

"யா அல்லாஹ்! அழுதழுது மொகமே வீங்கிப் பெய்த்தே என்ட மகனுக்கு!" எண்டா உம்மா.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எருமை எண்டு சொல்லியிருக்கலாம். சுத்தி நிண்ட ஆக்கள்ற மொகத்தப் பாத்தன். அந்தக் கதிரையில இருந்த இத்தின மாசத்தில என்னைய அப்பிடி ஒத்தரும் பாத்ததில்ல. தலையக் குனிஞ்சு ஒரு பெருமூச்சு மட்டும் உட்டன்.

கதவுச் சேலைக்குப் பின்னால மாமிட குரல் கரகரத்திச்சு. "இனி மருமகனுக்கு நடுத்துண்டுதான் எண்டு சொல்லு புள்ள."

கை கழுவத் தண்ணி ஊத்தின றசீது மச்சான் என்ட காதுக்குள்ள குனிஞ்சாரு. கணக்குப் பிழைச்சது அப்பத்தான் அவருக்கு விளங்கியிருக்கு. "மச்சான், மீன்காரன் ஒருத்தன் அந்த வழியால வந்தான். சோத்துக்கு முன்னால இருந்துக்கிட்டு வாங்க எண்டு சொல்லாம உடலாமா? அவன் குந்தினதும் சஹன் நிறைஞ்சிட்டு. நாங்க எல்லாரும் எறங்கின சந்தி வரைக்கும் மெசின் பெட்டியிலயும் வந்தான். அவனச் சேத்துத்தான் எண்ணியிரிக்கன். சொல்லிடாதீங்க, என்ட செக்கிரட்டரி வேல போயிரும்."

"நீங்களும் சொல்லாதீங்க மச்சான்" எண்டன். "என்ட நடுத்துண்டு போயிரும்."

ஹபீபா மட்டும் என்ட சட்டப் பையில இருந்து லேஞ்சிய எடுத்தா. சேறும் செத்த முசுறும் ஒட்டிக் கெடந்திச்சு. கழுவிக் காயப் போட்டு, மடிச்சுப் பொட்டகத்துக்குள்ள வெச்சுட்டா.

நடுத்துண்டு

அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் நான் ராசா. பாரையில நடுத்துண்டு, விராலில நடுத்துண்டு. கதிரைக்கு ஒரு தலகாணியும் வந்திச்சு. கந்தோர்ல கூட, கோவக்கார மாப்பிள்ள எண்டு ஒரு மரியாத.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில கடப்படியில சைக்கிள் மணி கேட்டிச்சு. தாடி வெச்ச ஒரு ஆள், பின்னால பெட்டியில மீன்.

"செக்கிரட்டரி தம்பிட ஊடு இதுதானே? அண்டைக்குக் குளத்தடியில எனக்குச் சோறு தந்த மனிசன் அவர். ரெண்டு விரால் கொண்டு வந்தன், காசு வேணாம்."

ஆர் எண்டு எனக்கு விளங்கிட்டு. "தாங்க, நான் குடுக்கிறன். நீங்க போங்க" எண்டு கைய நீட்டினன்.

"நீங்க ஆரு?"

"அவர்ர மச்சான்."

"அப்ப நீங்களும் சங்கமா? அண்டைக்குக் காணல்லயே."

"அண்டைக்கு எனக்கு வயித்துக் குத்து."

"அதான் பாத்தன்" எண்டாரு, தெருத் தெருவாக் கூவிப் பழகின குரலில. "அண்டைக்கு உங்கட ஆள் ஒருத்தன் தனிய மலைக்குப் போறன் எண்டு பெய்த்து, எருமைக்கு ஸலாம் சொல்லிட்டு மரத்துல குந்திக்கிட்டு இருந்தானாம். பட்டிக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். மொகமெல்லாம் முசுறு கடிச்சு வீங்கி வந்தானாம். அந்த மடையன்ட பங்கத்தான் நான் திண்டிரிக்கன். நல்ல இறைச்சி!"

"மெல்லக் கதைங்க காக்கா."

"மெல்லக் கதைச்சா மீன் விக்குமா தம்பி?" எண்டுட்டுப் போயிட்டாரு.

நான் மீனோட நிண்டன். உள்ளுக்கு இருமல் கூட இல்ல. ஹபீபா எங்கயோ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறது மட்டும் கேட்டிச்சு.

கதவுச் சேல வெலகிச்சு. மாமி வெளிய வந்தா. முந்தானைய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, எனக்கு முன்னால சட்டியையும் கத்தியையும் மீன் வழுக்காமப் புடிக்க ஒரு சிரட்டைச் சாம்பலையும் வெச்சா. வந்த நாளையில இருந்து முதல் தரமா, நடுவுல ஒத்தரும் இல்லாம, என்னையப் பாத்துக் கதைச்சா.

"மருமகன், மீனக் கழுவிக் கொண்டு வாங்க. வால் துண்டு உங்களுக்கு."